தேய்ந்த தட்டின் சான்று: தமிழ் இசைத்தட்டுச் சேகரிப்பில் அருமையும் தரமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இசைத்தட்டுகளைத் திரட்டும் ஆர்வம் இன்று இருபது, முப்பது வயதினரிடையே பரவிவருகிறது. இவர்கள் கைக்கொள்ளும் தரமதிப்பீட்டு முறை, தட்டைப் பயன்படுத்தியோர் அதில் விட்டுச்சென்ற அடையாளங்களைக் குறைகளாகக் கொள்கிறது. மரக்காணம் உப்பளக் கடற்கரையின் மைக்செட்டுகளில் புழங்கிய தட்டுகளை முன்னிறுத்தி, அவ்வடையாளங்களைக் கேட்போர் வரலாற்றின் சான்றுகளாகப் படிக்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு, சேகரிப்பு, அருமை, மைக்செட், மரக்காணம், கேட்போர் வரலாறு.

உப்பளமும் ஒலிபெருக்கியும்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பாணர்க்கு வழிசொல்லும் நூலில் இடம்பெற்ற கரையில் இருபதாம் நூற்றாண்டில் பாட்டைக் கொண்டுசென்றவர்கள் மைக்செட்காரர்கள். மேடு பள்ளமற்ற உப்புப் பாத்திகளின் மீது கூம்பு ஒலிபெருக்கியின் குரல் தடையின்றி நெடுந்தொலைவு செல்லும். ஆடி மாதக் கூழ்வார்த்தல், தீமிதி, மஞ்சள் நீராட்டு, திருமணம் ஆகிய எல்லாவற்றுக்கும் தட்டுப்பெட்டி வந்தது. வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லாத உப்பளத் தொழிலாளரும் மீனவரும் இசைத்தட்டின் பாட்டைக் கேட்டது இவ்வழியேதான். தட்டை வாங்கியவர் ஒருவர், கேட்டவர் ஓர் ஊர். இதனை மனத்திற்கொள்ளாமல் தமிழகத்தின் தட்டுகளை மதிப்பிட முடியாது.

உப்புக்காற்று இத்தொழிலுக்குப் பகை. ஒலிபெருக்கியின் இரும்பு துருவேறும். தாளுறையில் பூஞ்சை படரும். நடுவிலுள்ள முத்திரைத்தாள் பழுத்து உரியும். வினைல் தட்டை உப்பு அரிப்பதில்லை. ஆனால் உறை உளுத்தபின் மணலும் தூசியும் வரிப்பள்ளங்களில் இறங்கிவிடும். ஆகவே இக்கரையிலிருந்து சந்தைக்கு வரும் தட்டுகள் பெரும்பாலும் உறையின்றி, கீறலுடன் வருகின்றன. அவற்றின் மீது வண்ணக் குழம்பில் செட்டின் பெயரும் ஓர் எண்ணும் எழுதப்பட்டிருக்கும்.

இருவகை அருமை

இங்கு ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் வடபகுதித் தொழில் நகரங்களில் 1960களின் பிற்பகுதி தொடங்கி, கறுப்பின அமெரிக்கரின் சோல் இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டி, விடிய விடிய ஆடும் பண்பாடு ஒன்று உருவாயிற்று. ‘நார்தர்ன் சோல்’ எனப் பெயர்பெற்ற அதன் புகழ்மிக்க கூடங்களுள் ஒன்றான விகன் கசினோ 1973 முதல் 1981 வரை இயங்கியது. அவ்வார்வலர் போற்றியவற்றுள் பல, வெளிவந்த காலத்தில் விற்பனையாகாத தட்டுகள். ஃபிராங்க் வில்சன் 1965இல் பதிவுசெய்த ஒரு தட்டின் படிகளுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. பிறர் கண்டறியாதபடி முத்திரைத்தாளை மறைத்துப் பொய்ப்பெயர் சூட்டி ஒலிக்கவிட்ட இயக்குநர்களும் அங்கே இருந்தனர். புலவர் சிலர் ஏட்டை ஒளித்துவைத்த கதைகளை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது வியப்பளிக்காது.

நார்தர்ன் சோல் தட்டு அரிதானதற்குக் காரணம் அதை எவரும் வாங்காமை. மரக்காணத்து மைக்செட்டின் தட்டு அரிதானதற்குக் காரணம் அதை எல்லோரும் கேட்டமை. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல் தட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஆடிதோறும் ஊர்தோறும் முள் உழுத தட்டுகள் அவை. நல்ல நிலையில் ஒரு படி கிடைப்பது கடினம் என்றால், தேய்வே அதன் காரணம். முன்னது புறக்கணிப்பால் வந்த அருமை, பின்னது பயன்பாட்டால் வந்த அருமை. சந்தை இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்து ஒரே அளவுகோலால் அளக்கிறது. இன்றைய தமிழ்ச் சேகரிப்பின் கருத்துக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்த அளவுகோல் மேலைநாட்டு வணிகத்திலிருந்து வந்தது. ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட்’ எனப் படிப்படியாக இறங்கும் அம்முறையில் முத்திரைத்தாளின் மீதான எழுத்து ஒரு குறை, வண்ணப்பூச்சு பெருங்குறை. எவரும் தொடாத தட்டே முதல்தரம். எவரும் கேட்காத பாட்டே சிறந்த பாட்டு என்று இதனை விரித்துச் சொன்னால் நகைப்பு வரும். ஆயினும் விலைப்பட்டியல் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

சுவடியாகத் தட்டு

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும்போது படியெடுத்தவர் பெயர், நாள், ஊர், உடைமையாளர் குறிப்பு ஆகியவற்றை நாம் விடுவதில்லை. மூலத்தைச் சேராத அக்குறிப்புகளே நூல் எங்கே, யாரிடம் பயின்றது என்பதைக் காட்டுகின்றன. தட்டின் மீது வண்ணத்தில் எழுதிய செட்டுப் பெயரும் அத்தகையதே. எண் என்பது பெட்டிக்குள் அத்தட்டின் இருக்கை. ஒரே செட்டின் தட்டுகள் பல கிடைத்தால், எண்களைக்கொண்டு அப்பெட்டியில் எவை இருந்தன என்பதை ஓரளவேனும் மீட்டமைக்கலாம். நீண்ட தட்டில் ஒரு பாட்டின் வரிப்பள்ளம் மட்டும் வெளுத்திருந்தால், அப்படத்தில் ஊர் விரும்பிய பாட்டு எது என்பது தெரியும். திரைப்பட வரலாறுகள் வெற்றிப்பாடல் என்று எதைக் குறிப்பிட்டாலும் சரி, இக்கரையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது எது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடைப்பது கடினம்.

மூலபாட ஆய்வுக்கும் தட்டு தேவை. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே கடக்கும். மேடையில் நீண்ட நாடகப் பாடல் அதற்குள் சுருங்கியது. நாடகமேடையும் கிராமபோனும் தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கத்தோடு கொண்ட உறவை ஸ்டீபன் பட்னம் ஹியூஸ் 2007இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகிறது. பிற்காலத் திரைப்பாடலிலும் தட்டிலுள்ள சரணம் படத்தில் இல்லாமற்போவதுண்டு. இருந்தும் திரைப்பாடலைப் பற்றிய நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் அச்சிட்ட தொகுப்பையே மூலமாகக் கொள்கின்றன. குரலும் தாளமும் நீங்கிய வரிகளுக்கு அணியிலக்கணம் சொல்லி முடித்துவிடுகிறோம்.

திரட்டியவரும் திரட்டுவோரும்

பல்கலைக்கழகம் பொருட்படுத்தாதவற்றைத் தனியார் காத்த வரலாறு தமிழுக்குப் புதிதன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நிறுத்திக்கொள்ளாமல் துண்டறிக்கைகளையும் திரட்டினார். அவர் மறைவுக்குப் பின் அத்திரட்டைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் அமைந்தது. குஜிலிப் பதிப்புகள் ஆய்வுப்பொருளானமைக்கு ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ பெருங்காரணம். தட்டுகளில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றோர் பல்லாயிரக்கணக்கில் திரட்டினர். மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரியும்வரை பழைய தட்டு தேடுவோர்க்கு அதுவே சந்தை. அத்தலைமுறையின் அறிவு பெரும்பாலும் நினைவிலிருந்தது. பாடியவர், பதிவெண், வெளியிட்ட நிறுவனம் அனைத்தையும் வாய்மொழியாகச் சொல்வர், எழுதிவைத்தவர் குறைவு.

புதிய தலைமுறையின் வருகை இங்கு உண்மையான ஆக்கம் ஒன்றைச் செய்திருக்கிறது. இளையராஜாவின் தட்டுகள் வழியாக இத்துறைக்குள் வந்தவர்கள் இவர்களுட் பலர். தட்டின் இருபுறத்தையும் படமெடுக்கின்றனர். உட்புறத்தில் பொறித்த எண்ணைக் குறிக்கின்றனர். ஒலியை மின்வடிவாக்கிப் பகிர்கின்றனர். ‘படம்பிடிப்பதற்காக வாங்குகிறார்கள், கேட்பதற்காக அன்று’ என்ற மூத்தோரின் குற்றச்சாட்டு முழுவதும் நியாயமன்று. பூட்டிய பீரோவிலிருந்த தட்டையும் எவரும் கேட்கவில்லை.

இவர்களிடம் காணும் குறை வேறு. இவர்களின் சுவையை அயல்நாட்டு மறுவெளியீடுகள் ஓரளவு வகுத்துத்தருகின்றன. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் இளையராஜாவின் 1977–1983 காலப் பாடல்களை ‘சொல்லச் சொல்ல’ எனத் தொகுத்தபோது, மின்னணு இசைக்கூறு என்ற கோணத்திலிருந்தே தெரிவுசெய்தது. நல்ல தொகுப்பு; ஆனால் அது தொலைவிலுள்ள ஆடரங்கின் செவி. அச்செவிக்கு இனியதே அரியது என்றானால், கூழ்வார்த்தலன்று ஒலித்த தட்டு விலையற்றதாகி எடைக்குப் போகும். மற்றொன்று தூய்மையாக்கம். வாங்கிய தட்டைக் கழுவி, வண்ண எழுத்தைக் கரைப்பான் கொண்டு நீக்குவது இவர்களிடையே வழக்கமாகிவிட்டது. (அரக்கினாலான பழைய தட்டை ஆல்கஹால் கரைத்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.) கரையான் அரித்த ஏட்டை நேர்த்தியாக்குகிறேன் என்று ஓரத்தைக் கத்தரித்தவர்களை நாம் இன்றும் நொந்துகொள்கிறோம். அதே செயலை இங்கே பராமரிப்பு என்கிறோம்.

செய்ய வேண்டுவது பெரிதன்று. விற்பனைக் குறிப்பில் ‘எழுத்து உள்ளது’ என்று குறையாகச் சுட்டுமிடத்தில் அவ்வெழுத்தையே பெயர்த்தெழுதலாம், கழுவுமுன் படமெடுக்கலாம், தட்டு எந்த ஊரிலிருந்து வந்தது என்று வணிகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பெட்டியோடு கிடைக்கும் தட்டுகளைப் பிரித்து விற்காமல் முதலில் பட்டியலிட வேண்டும். மைக்செட் நடத்தியோர் முதுமையடைந்துவிட்டனர். ஒலிப்பேழையும் அதன்பின் குறுந்தட்டும் வந்தபோது பரணுக்குப் போன பெட்டிகள் இப்போது வீடு இடிக்கும்போதுதான் இறங்குகின்றன.

இக்கட்டுரையாளரும் அப்பிழையைச் செய்தவரே. புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய முதல் தட்டு ஒரு சிறிய அம்மன் பாடல் தட்டு. முத்திரைத்தாளின் மீதிருந்த பச்சை வண்ண எழுத்துகளை அழுக்கென்று எண்ணி, பஞ்சில் தின்னர் நனைத்துத் துடைத்தார். பாதி போனபின் தாள் உரியத் தொடங்கியதால் நிறுத்த நேர்ந்தது. இப்போது அதில் எஞ்சியிருப்பவை ‘மரக்’ என்ற மூன்றெழுத்தும் 41 என்ற எண்ணும்.