செம்பு நகரமும் ஈய நகரமும்

"எந்த ஊரு தம்பி?"

"தஞ்சோங் ரம்புத்தான்."

"ஓ... எப்ப வெளிய விட்டாங்க?"

இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில், கிந்தா ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிற சின்ன ஊர். ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுற்றிலும் ஒருகாலத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமும். ஆனால் மலேசியர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் மனநல மருத்துவமனை ஒன்றுதான் ஞாபகம் வரும். 1911இல் காலனிய அரசு மனநோயாளர் விடுதியாகத் திறந்த இடம் அது. 1971இல் 'பஹாகியா' என்று பெயர் மாற்றினார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் சிரிப்பு மாறவில்லை. நானும் கூடவே சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது, சம்பந்தமே இல்லாத ஒரு புத்தகம். ஆப்பிரிக்காவின் செம்புச் சுரங்க நகரங்களைப் பற்றி ஜேம்ஸ் ஃபெர்குசன் என்கிற மானுடவியலாளர் எழுதிய 'எக்ஸ்பெக்டேஷன்ஸ் ஆஃப் மாடர்னிட்டி'. 1980களின் நடுவில் சாம்பியாவின் கிட்வே நகரத்தில் தங்கி ஆய்வு செய்து, 1999இல் வெளியிட்டார். இதைப் பேராக்கிலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. மலேசியத் தமிழ்ப் புனைவு நகரத்தைப் பார்க்கும் விதத்தின் மேல் எனக்கு வெகுநாளாக இருந்த ஒரு மனத்தாங்கலுக்கு இந்தப் புத்தகம் வார்த்தை கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏணியும் புதரும்

முதலில் கதைச் சுருக்கம். சாம்பியா அப்போது வடக்கு ரொடீசியா என்ற பிரிட்டிஷ் காலனி. செம்புச் சுரங்கங்களுக்காகக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1937இல் அங்கே ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. காட்ஃப்ரி வில்சன், மாக்ஸ் க்ளக்மன், கிளைட் மிட்செல் என்று ஒரு வரிசை ஆய்வாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். வழக்கு மன்றம், கூலிப் பட்டியல், திருமணம், நடனம், யாருக்கு யார் நண்பர் என்பது வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இன்று 'துறைகளுக்கு இடையிலான ஆய்வு' என்று பெரிய பெயரில் சொல்வதை அவர்கள் அன்றே செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் காலத்து ஆய்வுகளில் ஒரு ஏணி இருந்தது. கிராமத்தான் முதலில் தனியாக வருவான், சம்பாதித்துத் திரும்புவான். பிறகு மனைவியோடு வருவான். கடைசியில் நிரந்தர நகரவாசி ஆவான். 1964இல் சுதந்திரம் வந்தபோது இந்த ஏணியை எல்லோரும் நம்பினார்கள். 1970களின் நடுவில் செம்பு விலை விழுந்தது, நகரங்கள் நொடித்தன. ஓய்வுபெற்ற தொழிலாளிகள், தங்களுக்கே அவ்வளவாகப் பழக்கமில்லாத 'சொந்த' ஊருக்கு மூட்டை கட்ட வேண்டி வந்தது. ஏணியில் கீழ்நோக்கி இறங்கினார்கள்.

ஃபெர்குசன் சொல்வது: ஏணியே தப்பு. உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டிடமிருந்து ஒரு படிமத்தை எடுத்துக்கொள்கிறார். பரிணாமம் ஏணி மாதிரி இல்லை, கிளை கிளையாகப் பரவும் புதர் மாதிரி. நகரத்துக்கு வந்தவர்களில் திரும்பிப் போனவர்கள், நிலைத்தவர்கள், இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள் எல்லோரும் எப்போதும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். காலத்துக்குக் காலம் ஒரு கிளை தடிக்கும், இன்னொன்று மெலியும். அவ்வளவுதான்.

நம்மிடமும் ஒரு ஏணி இருக்கிறது. கப்பல், தோட்டம், லயம், தாமான் வீடு, பல்கலைக்கழகம். மேடைகளில் கேட்டுக் கேட்டுப் புளித்த வரிசை. இதில் ஏறாதவர்களுக்கு 'சமூகப் பிரச்சினை' என்று பெயர். நமக்கும் விலை விழுந்த வருடம் உண்டு. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய ஈய வட்டாரமாக இருந்த கிந்தா பள்ளத்தாக்கில் இன்று மிச்சமிருப்பவை பழைய சுரங்கக் குட்டைகள்.

புதரும் இருக்கிறது, நாம் பார்ப்பதில்லை. ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஓர் இடம் உண்டு. கடலையும் முறுக்கும் போட்டுப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பு. அவர்களின் நகரக் கதை பால் வெட்டிலிருந்து தொடங்கவில்லை. ரயில்வே, நகராட்சி, எங்கள் ஊர் மருத்துவமனை என்று வேறு வேறு வாசல் வழியாக வந்தவர்களும் உண்டு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஓர் இடப்பெயர்வு. அந்தத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் அப்போதே ஆராய்ந்தார். பக்கத்து சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தது அதற்குப் பதிலாகத்தான். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு கப்பலேறித் தமிழ்நாடு திரும்பியவர்கள் இன்னொரு கிளை. கிட்வேயிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட கிழவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். 1980களுக்குப் பிறகு தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் கோல்ஃப் திடலாகவும் மாறியபோது வெளியேறியவர்கள் 3 லட்சம் என்று ஓர் எண் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எண் பெரிசு. ஆனால் அந்த 3 லட்சம் பேரும் ஒரே பாதையில் நடந்தார்கள் என்ற மாதிரிதான் நாம் எழுதுகிறோம்.

கலேலாவும் உறுமியும்

இந்த மரபிலிருந்து ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால், கிளைட் மிட்செல் 1956இல் வெளியிட்ட 'த கலேலா டான்ஸ்' என்ற சின்ன நூலைப் படியுங்கள். லுவான்ஷ்யா என்ற சுரங்க நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரு நடனம். ஆடுபவர்கள் பீசா இனத்து இளைஞர்கள், பெரும்பாலும் கடைநிலைக் கூலிகள். இஸ்திரி போட்ட கால்சட்டை, பளபளக்கும் காலணி. குழுவில் ஒருவர் 'டாக்டர்', ஒருவர் 'நர்ஸ்'. பாட்டில் தங்கள் இனத்தின் பெருமை, மற்ற இனங்களைப் பற்றிய கிண்டல்.

பார்த்தவுடன் 'கிராமத்துப் பழக்கத்தை நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்' என்று தோன்றும். மிட்செல் இல்லை என்கிறார். பல இனத்தார் நெருக்கியடித்து வாழும் நகரத்தில், 'நான் யார், நீ யார்' என்று அடையாளம் காணும் தேவையிலிருந்து பிறந்தது இது. கிராமத்தில் இந்த மாதிரி ஓர் இன உணர்வுக்கு வேலையே இல்லை. உடையோ, நகரத்தில் யாருக்கு மதிப்பு என்பதைச் சொல்கிறது.

இப்போது நம் தைப்பூசத்துக்கு வாருங்கள். கல்லுமலைக் கோயிலுக்குப் போகிற வழியில் உறுமி மேளக் குழுக்கள். குழுப் பெயர் அச்சடித்த டி-சட்டை, ஒரே நிறம், ஒரே மாதிரி தலைமுடி. அவர்களைப் பார்த்ததும் நம்ம பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்: "தோட்டத்துப் புத்தி இன்னும் போகல." உறுமியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விவாதமும் தைப்பூசத்தோடு சேர்ந்தே வரும். மிட்செலைப் படித்த பிறகு இந்தச் சுளிப்பு எனக்கு அபத்தமாகப் பட்டது. தோட்டத்துக் கோயிலில் உறுமி அடித்தவருக்குச் சீருடை தேவைப்படவில்லை, அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினேழு மாடி பிளாட்டில் தெரியாது. அதனால் சட்டையில் எழுத வேண்டியிருக்கிறது. இது தோட்டத்தின் மிச்சம் இல்லை. நகரம் உண்டாக்கிய புதுப் பொருள்.

நம் புனைவில் நகரம்

கா. பெருமாளின் 'துயரப்பாதை'யிலிருந்து சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' வரை தோட்டத்தை நம்மவர்கள் எழுதியிருக்கிற ஆழம் சாதாரணமானதில்லை. ம. நவீனின் 'பேய்ச்சி' 1981இல் லுனாஸில் நடந்த விஷச் சாராயச் சாவுகளைத் தொட்டபோது, தோட்டம் சொர்க்கம் இல்லை என்பதும் சொல்லப்பட்டுவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை.

குறை, தோட்டத்துக் கேட்டைத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது. நம் சிறுகதைகளில் ஒரு தேய்ந்த தடம் உண்டு: லோரியில் சாமான் ஏறும், கிழவி பால் மரத்தைத் தடவி அழுவாள், பிளாட்டுக்குப் போவார்கள், மகன் குண்டர் கும்பலில் சேருவான், கதை முடியும். நகரம் என்பது தண்டனை. 2021இல் வந்த 'சிகண்டி' கோலாலம்பூர் சௌகிட்டை, அதற்கே உரிய உறவுகளும் தெய்வமும் கொண்ட இடமாகக் காட்டியது. அது பெரிய திறப்பு. ஈப்போவையே களமாகக் கொண்டு ப்ரீத்தா சமரசன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், வழக்கறிஞர் வீட்டுக்கும் அதன் வேலைக்காரப் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் வர்க்கச் சுவரைக் காட்டியது. ஆனால் நிழல் உலகத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் இருக்கிற மூன்றாவது மாடி? அங்கே சீட்டுப் பிடிக்கும் அக்கா, ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பெண், பழுதான லிஃப்ட்டுக்கு முன்னால் சாமிப் படம் வைத்தவர்? இவர்களை நான் நம் கதைகளில் அரிதாகத்தான் பார்க்கிறேன்.

'நகரம் கெடுக்கும்' என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. நைரோபியில் மதாரி மனநல மருத்துவமனையை நடத்திய கேரதர்ஸ் என்ற காலனிய மருத்துவர், ஊரை விட்டு வேலைக்கு வந்த ஆப்பிரிக்கர்களிடையே மனநோய் அதிகம் என்று எழுதினார். இனக்குழுவை விட்டு வந்தவன் மனம் நகரத்தைத் தாங்காது என்பது சாரம். 1953இல் உலக சுகாதார நிறுவனமே அவருடைய நூலை வெளியிட்டது. ஃபிரான்ஸ் ஃபனான் இந்த வகை மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். குறைந்த கூலி, குடும்பத்தைக் கூட்டிவர முடியாத சட்டம், அடி உதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நோயை வந்தவனின் தலைக்குள் வைத்துவிட்டார்கள்.

காலனியக் காலத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் அடைக்கப்பட்டவர்களிலும் கணிசமானவர்கள் கடல் கடந்து வந்த சீனத் தமிழ்த் தொழிலாளிகள். கூட யாரும் இல்லாமல் வந்து, இங்கேயே உடைந்துபோனவர்கள். "எப்ப வெளிய விட்டாங்க?" என்று சிரிக்கும்போது நாம் சிரிப்பது நம் பாட்டன்களில் ஒருவரைப் பார்த்து. பிளாட்டுக்குப் போனதால் பையன் கெட்டான் என்று எழுதும்போது, கேரதர்ஸின் பழைய வாதத்தைத் தமிழில் எழுதுகிறோம். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் வேலைக்கு எடுக்காத முதலாளியும், வீட்டுக்குப் பத்திரம் தராமல் வெளியேற்றிய கம்பெனியும் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். மிஞ்சுவது கெட்ட பையனும் அழுகிற கிழவியும்.

ஃபெர்குசனிடமும் குறை உண்டு. அவர் புத்தகத்தில் பெண்கள் வருகிறார்கள், ஆனால் சுரங்கத் தொழிலாளியின் கண் வழியாக வருவதுதான் அதிகம். சரிவைச் சொல்லும் வேகத்தில், சரிந்த ஊரில் மக்கள் புதிதாகக் கட்டியெழுப்புவது பின்னால் போய்விடுகிறது. அதற்கு அப்துமாலிக் சிமோனின் 2004ஆம் ஆண்டு நூல் 'ஃபார் த சிட்டி யெட் டு கம்' உதவும். குழாயும் மின்சாரமும் சரியாக இல்லாத ஆப்பிரிக்க நகரங்களில் மனிதர்களின் கூட்டே கட்டமைப்பாக வேலை செய்கிறது என்பது அவர் பார்வை.

என் அம்மா வருடத்துக்கு ஒரு முறை, அவர் பிறந்த தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போவார். தோட்டம் இல்லை, லயம் இல்லை, செம்பனைக்கு நடுவில் கோயில் மட்டும். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறியவர்கள் அன்றைக்கு அங்கே கூடுவார்கள். கல்யாணம் பேசுவார்கள், வேலைக்கு ஆள் கேட்பார்கள், சீட்டுக் கணக்கு முடிப்பார்கள். சாயங்காலம் அவரவர் பிளாட்டுக்குத் திரும்புவார்கள். நான் பல வருடம் இதை ஏக்கம் என்றே நினைத்தேன். இப்போது பார்த்தால், நகரத்தில் பிழைக்கத் தேவையான ஏற்பாடு அது, வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஏணியின் எந்தப் படியில் இதை வைப்பது?

எழுத நினைக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். நான்கு துறைப் பேராசிரியர்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைப்பதால் மட்டும் ஆய்வு நடந்துவிடாது. மிட்செல் செய்தது சின்ன வேலை. ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தார், உடையைக் குறித்துக்கொண்டார், பாட்டுக்கு அர்த்தம் கேட்டார். அடுத்த தைப்பூசத்தில் ஓர் உறுமிக் குழுப் பையனிடம், சட்டை முதுகில் இருக்கிற அந்தப் பெயர் எப்படி வந்தது, சட்டைக்குக் காசு யார் போட்டது என்று கேளுங்கள். நாம் எழுதாமல் விட்ட நாவல் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.