சாவாமை நீரும் வகுப்பறை வினாவும்

சிறுவர்க்கென எழுதப்பெற்ற அற்புதப் புதினம் ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவரும் ஆசிரியர், அந்நூல் எழுப்பும் வினா எது, தாம் எழுப்ப விரும்பும் வினா எது என்று பிரித்தறிதல் வேண்டும். இரண்டும் மயங்கிவிட்டால் நல்ல நூலும் பட்டிமன்றத் தலைப்பாகச் சுருங்கிவிடும். அமெரிக்க எழுத்தாளர் நட்டலி பாபிட் 1975-இல் வெளியிட்ட 'டக் எவர்லாஸ்டிங்' என்னும் சிறு புதினத்திற்கு அந்நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் நேர்ந்திருப்பது இதுவே. பத்து, பதினோரு வயது மாணாக்கர்க்குப் பல்லாண்டுகளாக அங்குப் பாடமாக வைக்கப்படும் நூல் அது.

கதை எளியது. டிரீகேப் என்னும் சிற்றூரை ஒட்டிய காட்டில், ஒரு பெருமரத்தின் அடியில் ஊற்று ஒன்று உள்ளது. அதன் நீரைக் குடித்தவர்க்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. கதை நிகழ்வதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வழியே வந்த டக் குடும்பத்தார் நால்வரும் அதனை அறியாமலே குடித்துவிடுகின்றனர். அவர்களுடைய குதிரையும் குடித்தது. பூனை மட்டும் குடிக்கவில்லை. பூனை மூப்புற்று இறந்தது. குதிரையோ வேடர் சுட்ட குண்டு பாய்ந்தும் நின்றது. பத்து வயதுச் சிறுமி வின்னி பாஸ்டர் இம்மறைபொருளை அறிய நேர்கின்றது. டக் தம்பதியரின் இளைய மகன் ஜெஸ்ஸி, பதினேழு வயதுத் தோற்றத்திலேயே நின்றுவிட்டவன், அவளிடம் ஒரு குப்பி நீரைக் கொடுத்து, பதினேழு வயதானதும் குடித்துவிட்டுத் தன்னைத் தேடி வருமாறு கேட்கின்றான்.

இதனைக் கற்பிக்கும் வகுப்புகளில் தவறாமல் கேட்கப்படுவது ஒரே வினா. "நீயாக இருந்தால் அந்நீரைக் குடிப்பாயா, மாட்டாயா?" கைகள் உயர்கின்றன. கரும்பலகையை இரண்டாகப் பகுத்து நன்மை ஒருபுறம், தீமை மறுபுறம் எழுதுகின்றனர். உலகம் முழுவதும் சுற்றலாம், எல்லாம் கற்கலாம் என்பன ஒருபுறம்; நண்பர் எல்லாரும் இறந்துபோவர் என்பது மறுபுறம். வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வணிகன் தராசில் நிறுப்பதுபோல் வாழ்வையும் சாவையும் நிறுத்துப் பார்க்க இந்நூல் எங்கும் சொல்லவில்லை. நூலில் அந்நீருக்கு விலை பேசுபவன் ஒருவனே. மஞ்சள் உடையணிந்து வரும் அம்மனிதனைத்தான் ஆசிரியை தீயோனாகப் படைத்துள்ளார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அண்மையில் தந்தையை இழந்த பிள்ளை ஒன்று அவ்வகுப்பில் அமர்ந்திருக்கலாம். நம் நாட்டுத் தோட்டப்புறத்தில் சாவு பிள்ளைகளின் கண்ணுக்கு மறைக்கப்பட்ட ஒன்றன்று. லயத்தில் ஒரு வீட்டில் பறை ஒலித்தால் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். தோட்டங்களை விட்டுப் பலர் நகர்ப்புறம் சேர்ந்துவிட்ட இந்நாளிலும் இவ்வுண்மை முற்றும் மாறிவிடவில்லை. அப்பிள்ளை எதற்குக் கை உயர்த்தும்? அது நீரை வேண்டுவது தனக்காக அன்று, தந்தைக்காக. "நீ குடிப்பாயா" என்னும் வினாவில் அதற்கு இடமே இல்லை. நூலிலோ இடம் உண்டு. மூத்த மகன் மைல்ஸ், தன்னை விட்டுப் பிரிந்த மனைவியையும் இரு பிள்ளைகளையும் பற்றி வின்னியிடம் பேசுகின்றான். இருபத்திரண்டு வயதுத் தோற்றமுடைய அத்தந்தையின் மகளுக்கு, உயிரோடிருந்தால், அப்போது எண்பதை ஒட்டிய அகவை. அன்று தூண்டிலில் அகப்பட்ட மீன் ஒன்று மூச்சுக்குத் திணறக் கண்டு, அதனை நீரிலேயே விட்டுவிடும்படி வின்னி கெஞ்சுகின்றாள். இப்பகுதியைப் படித்துக் காட்டிவிட்டு ஆசிரியர் சற்று வாளாவிருந்தால் போதும். பேச விரும்பும் பிள்ளை பேசும்.

நூலின் உயிர்நிலை பன்னிரண்டாம் அதிகாரம். குடும்பத் தலைவர் ஆங்கஸ் டக், மாலைப் பொழுதில் வின்னியைப் படகில் ஏற்றிக் குளத்தின் நடுவே அழைத்துச் செல்கின்றார். நீர் கதிரவனால் ஈர்க்கப்பட்டு முகிலாகி, மழையாகி, ஓடையாகிக் கடல் சேர்ந்து, மீண்டும் எழுகின்றது. இது ஓயாமல் சுழலும் சக்கரம். தவளையும் பூச்சியும் மீனும் மனிதரும் அச்சக்கரத்தின் உறுப்புகள். தம் குடும்பத்தாரோ அதனின்று கழன்று, சாலையோரக் கற்களைப்போல் கிடக்கின்றனர் என்று விளக்குகின்றார். இவ்வாறு அவர் பேசிக்கொண்டிருக்கையில் படகு, நீரில் சாய்ந்த மரத்தின் வேர்களில் சிக்கி நின்றுவிடுகின்றது. நீர் மட்டும் அதனைக் கடந்து போகின்றது. டக் சொல்லுவதைப் படகு செய்து காட்டுகின்றது. இந்நயத்தை ஆசிரியர் எடுத்துரைத்தல் தகாது, மாணாக்கரே காணவேண்டும். நீர்ச்சுழற்சியை அறிவியல் பாடத்தில் படித்த பிள்ளைகள் என்பதற்காக இவ்விடத்தில் அதன் படத்தை வரைந்து அம்புக்குறியிடத் தொடங்கும் ஆசிரியர்களும் உளர். அவர்களை என்னென்பது!

சக்கரம் இங்குத் திடீரென முளைத்ததன்று. நூலின் முகப்பிலேயே, ஆகஸ்டு மாத முதல் வாரம், ராட்டினத்தின் உச்சி இருக்கை நின்றதுபோல் கோடையின் உச்சியில் நிற்பதாக ஆசிரியை எழுதியுள்ளார். முகப்பையும் படகுக் காட்சியையும் அடுத்தடுத்த நாள்களில் உரக்கப் படிக்கச் செய்தால், பத்து வயதுப் பிள்ளையும் தொடர்பைக் கண்டுகொள்ளும்.

வகுப்புகளில் விரைந்து கடக்கப்படும் பகுதி கொலையே. மஞ்சள் உடையான் ஊற்று நீரை விற்கவும், வின்னியைக் குடிக்கச் செய்து அவளைக் காட்சிப் பொருளாக்கவும் முனைகின்றான். சாந்தமே உருவான தாய் மே, துப்பாக்கிக் கட்டையால் அவனை அடித்து வீழ்த்துகின்றாள், அவன் இறக்கின்றான். தூக்குமரம் காத்திருக்கின்றது, தூக்கிலிட்டால் அவள் சாகமாட்டாள், உண்மை ஊரறிய வெளிப்பட்டுவிடும். வின்னி சிறையினின்று அவள் தப்பத் துணைசெய்கின்றாள். இது முறையா என்று பிள்ளைகள் கேட்பர், கேட்கவே வேண்டும். நூல் மேயை விடுவிக்கின்றதே யன்றி, குற்றமற்றவள் என்று தீர்ப்புக் கூறவில்லை. கீழே கிடப்பவனை டக் நோக்கும் நோக்கும் கருதத்தக்கது. அதில் சினமும் இல்லை, அச்சமும் இல்லை. பசித்தவன் விருந்தைக் காணும் ஏக்கமே உள்ளது. படகில் அவர் சொன்னது வெறும் சொல்லன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பலரும் பிழைபட உணரும் இடம் ஒன்றுண்டு. கதையின் இறுதியில் வின்னி, நாயிடமிருந்து காப்பாற்றிய தேரை ஒன்றின்மேல் குப்பி நீரை ஊற்றிவிடுகின்றாள். அவள் சாவாமையைத் துறந்த இடம் இதுவே என்று கற்பிப்போர் பலர். நூலைக் கூர்ந்து நோக்கின் அவ்வாறன்று. தான் விரும்பினால் காட்டில் இன்னும் நீர் உண்டு என்று எண்ணிக்கொண்டேதான் அவள் ஊற்றுகின்றாள். ஆகவே அஃது ஓர் எளிய உயிர்க்கு இரங்கிய செயலேயன்றி இறுதி முடிவன்று. முடிவு அதற்குப் பின்வந்த ஏழாண்டுகளில் எப்போதோ எடுக்கப்பட்டது; அதனை ஆசிரியை எழுதவேயில்லை.

நம் ஆசிரியர்க்கு இங்கே அதியமானும் அவன் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியும் நினைவுக்கு வருதல் இயல்பு. வின்னியின் செயலை அதனோடு ஒப்பிட்டுக் கொடைப் பண்பு என்று பாடம் சொல்லவும் தோன்றும். ஒப்புமை நன்றே, ஆயினும் முழுமையன்று. புறநானூற்று 91-ஆம் பாடலின்படி, கனியின் ஆற்றலை அதியமான் தன் உள்ளத்தே அடக்கிக்கொண்டு கொடுத்தான். ஔவை அறியாது உண்டார். அறியாது உண்டமையால் ஔவையோடு ஒருபுடை ஒப்பவர் டக் குடும்பத்தாரே. ஔவையார் அதனை வாழ்த்தாகப் பாடினார். டக் அதனைச் சுமையாகச் சொல்கின்றார். அவருக்குக் கிடைத்தது நட்பின் ஈகை, இவர்க்குக் கிடைத்தது வெறும் தற்செயல். இவ்வேறுபாட்டை உயர்வகுப்பு மாணாக்கரிடம் வைத்தால் ஒரு பாடவேளை போதாது.

2002-இல் வெளிவந்த திரைப்படத்தைக் காட்டி நூலின் இடத்தை நிரப்பிவிடுதல் கூடாது. அதில் வின்னிக்குப் பதினைந்து வயது. அதனால் கதை காதற்கதை யாகிவிடுகின்றது. சாவைப் பற்றிய வினா, காதலனைப் பிரிவதா சேர்வதா என்னும் வினாவாக மாறிவிடுகின்றது.

முடிவுரைப் பகுதியை ஆசிரியரே படித்தல் நன்று. ஆண்டு 1950. டக்கும் மேயும் குதிரை வண்டியில் ஊருக்குத் திரும்புகின்றனர். இடி விழுந்து மரம் எரிந்துவிட்டது. காடும் ஊற்றும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் வின்னியின் கல் நிற்கின்றது. அன்பு மனைவி, அன்புத் தாய் என்னும் சொற்களும் 1870, 1948 என்னும் ஆண்டுகளும் அதில் உள. வகுப்பில் யாரேனும் ஒரு பிள்ளை கழித்துப் பார்த்து எழுபத்தெட்டு என்று சொல்லும், சொல்லட்டும். திரும்பும் வழியில் ஒரு தேரை சாலை நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கின்றது. டக் இறங்கி அதனைத் தூக்கி ஓரத்தில் விட்டு, தனக்குச் சாவே இல்லை என்ற நினைப்புப் போலும் இதற்கு என்று கடிந்துகொள்கின்றார். அது எந்தத் தேரை என்பதை அவர் அறியார். வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் அறிவர்.