ஓரத்தில் ஒரு கையெழுத்து

சிறைத் தணிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நகைச்சுவைத் துணுக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில், தலைப்பில் 'சிவப்பு' என்ற சொல் இருந்தால், அது குழந்தைகளுக்கான ஓநாய்க் கதையானாலும் உள்ளே வராது, எச்.ஜி. வெல்ஸின் விஞ்ஞான நாவல் தலைப்பில் 'யுத்தம்' இருப்பதால் அதற்கும் அனுமதி கிடையாது. மண்டேலா தம் சுயசரிதையில் சொல்லியிருக்கும் விஷயம் இது. அதே சிறையில் மாக் மஹராஜ், பொருளாதாரம் படிப்பதாகச் சொல்லி 'எகானமிஸ்ட்' பத்திரிகையை வரவழைத்திருக்கிறார். அது உலக அரசியலைச் சுமந்துகொண்டு வரும் பத்திரிகை என்று அதிகாரிகளுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. படித்துவிட்டு நாம் சிரிக்கிறோம். தணிக்கை அதிகாரிக்கு வாசிக்கத் தெரியாது, நமக்குத் தெரியும் என்ற திருப்திதான் அந்தச் சிரிப்பு. எனக்கு இந்தத் திருப்தியில் சந்தேகம் உண்டு.

தணிக்கை அதிகாரிக்கு வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவன் வேலை எண்ணுவது. ராபன் தீவில் கடைசி வகுப்புக் கைதிக்கு ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அதில் 500 வார்த்தை. பிடிக்காத வரிகளைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். 1980 வரை செய்தித்தாள் கிடையாது. படிப்பு ஒரு சலுகை. கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். மண்டேலா ரகசியமாக எழுதிய சுயசரிதையின் கைப்பிரதி 1977-ல் சிறை முற்றத்தில் புதைத்த இடத்தில் அகப்பட்டபோது, அவருக்குக் கிடைத்த தண்டனை நாலு வருஷம் படிப்பு ரத்து. பிரிட்டோரியா சிறையிலிருந்த டெனிஸ் கோல்ட்பர்க்கும் சக கைதிகளும் செய்தி அறியும் உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1970களின் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. கார்பெட் என்ற ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டு எழுதினார். அவர் கருத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 1993 ஆக வேண்டியிருந்தது.

இது நிறவெறி அரசின் விசேஷ குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1960களில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பம்பாய்ச் சிறையில் வைக்கப்பட்டிருந்த பிரபாகர் பாண்டுரங்க சான்ஸ்கிரி, அரசின் அனுமதியுடனேயே, மராத்தியில் 'அணூசா அந்தரங்க' என்று அணுவின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிரசுரத்துக்காக அதை மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்றபோது அரசு மறுத்தது. அரசுத் தரப்பு வாதத்தைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் ஆபத்தான கருத்து இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. காவலில் இருப்பவருக்கு இன்னின்னது உண்டு என்று விதியில் எழுதியிருக்கிறது, புத்தகத்தை வெளியே அனுப்பலாம் என்று எழுதவில்லை, ஆகவே அது இல்லை — அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் 1965-ல் இதை நிராகரித்தது. அந்த வாதப்படி, சாப்பாடு போட வேண்டும் என்று விதியில் இல்லாவிட்டால் கைதியைப் பட்டினி போட்டே கொல்லலாமே என்று கேட்டது. இலக்கியக்காரர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். உணவையும் புத்தகத்தையும் ஒரே வரிசையில் வைத்து யோசித்த உரைநடை நம்மிடம் குறைவு.

57 வருஷம் கழித்து, 2022-ல், தலோஜா சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த கௌதம் நவ்லாகாவுக்கு வீட்டார் அனுப்பிய பி.ஜி. உட்ஹவுஸ் புத்தகத்தைப் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுத்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் இது வேடிக்கை என்றது. வேடிக்கைதான். ஆனால் அணு விஞ்ஞானமும் உட்ஹவுஸும் ஒரே வாசலில் தடுக்கப்படுகின்றன என்றால், தடுக்கப்படுவது புத்தகத்தின் உள்ளடக்கம் அல்ல, உள்ளே இருப்பவனுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் இடையிலுள்ள பாதை. எது நல்ல புத்தகம், எது கெட்டது என்ற கேள்வியே அந்த வாசலில் எழுவதில்லை.

இந்த இடத்தில்தான் ராபன் தீவு 'பைபிளை' எடுத்துக்கொள்ள வேண்டும். 1970களில் அங்கே கைதியாயிருந்த இந்திய வம்சாவளியினர் சன்னி வெங்கடரத்தினம், ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பை ஒரே பாகமாக வரவழைத்துக்கொண்டார். அவர் பின்னாளில் சொன்னபடி, புத்தகங்களைப் பறித்துக்கொண்ட சமயத்தில் இது ஷேக்ஸ்பியர் எழுதிய பைபிள் என்று வார்டரிடம் சொல்லித் திரும்ப வாங்கியிருக்கிறார். பிறகு வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை — சாமி படங்கள் போட்டவை — மேலட்டையில் ஒட்டி, தம் மத நூல் என்று காப்பாற்றினார். விடுதலைக்கு முன் அதைத் தோழர்களிடம் சுற்றுக்கு விட்டார். முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு பகுதியைத் தேர்ந்து பக்க ஓரத்தில் கையெழுத்திட்டார்கள்.

இந்தப் புத்தகம் 2012-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டது. காலத்தையும் இனத்தையும் கடந்த ஷேக்ஸ்பியர் என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். இந்த நெகிழ்ச்சியை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. வார்டர் அந்தப் புத்தகத்தை விட்டுவைத்தது அது மத நூல் என்று நம்பி. மத நூல் என்றால் தொட வேண்டாம், திறக்க வேண்டாம். கண்ணாடிப் பெட்டியும் அதையேதான் சொல்கிறது. நம்மிடம் திருக்குறளுக்கும் கம்பனுக்கும் நடப்பது வேறென்ன? சாமி படம் ஒட்டிய அட்டைக்குள் செவ்விலக்கியத்தைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவர்கள் நாம். வித்தியாசம், வெங்கடரத்தினம் அட்டையை ஒட்டியது உள்ளே வாசிப்பதற்காக. நாம் ஒட்டுவது வாசிக்காமல் இருப்பதற்காக.

ஆகவே எனக்கு முக்கியமாகப் படுவது ஷேக்ஸ்பியர் அல்ல, ஓரத்திலுள்ள பெயர்கள். வால்டர் சிசுலு தேர்ந்தது, இத்தனை கால அவமானத்தையும் பொறுத்துக்கொண்டதை ஷைலாக் சொல்லிக்காட்டும் இடம். டர்பன் தொழிற்சங்கவாதி பில்லி நாயர் தேர்ந்தது, இந்தத் தீவு என்னுடையது என்று காலிபன் உரிமை கோருமிடம். தீவில் அடைபட்டவன் இதைத் தேர்ந்ததற்கு உரை வேண்டியதில்லை. ஆனால் கோவன் ம்பெகி, சங்கீதத்தையும் காதலையும் பற்றி ஒரு பிரபு அலுத்துக்கொள்ளும் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் ஆரம்பத்தைத் தேர்ந்தார். கைதி என்றால் போராட்ட வரியைத்தான் தேர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நம் முற்போக்கு நண்பர்கள் இந்தக் கையெழுத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

மண்டேலாவின் தேர்வு இன்னும் சிக்கலானது. கோழைகளின் சாவைப் பற்றி சீஸர் பேசும் வரிகள் அவை. நாடகத்தில் அது ஓர் அதிகாரியின் ஜம்பம். சற்று நேரத்தில் அவன் குத்துப்பட்டுச் சாகிறான். சந்தர்ப்பத்திலிருந்து பிய்த்து எடுத்த வாசிப்பு என்று என்னைப் போல் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் சொல்வான். ஆனால் கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கிறது: டிசம்பர் 16, 1977. ஆப்பிரிகானர்கள் ஜுலுக்களை வென்றதைக் கொண்டாடிய விடுமுறை நாள் அது. அதே நாளைத் தேர்ந்துதான் 1961-ல் மண்டேலாவின் இயக்கம் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. பிய்த்து எடுத்த வரிகளுக்குத் தேதி புதிய சந்தர்ப்பம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. ஒரு சர்வாதிகாரியின் வாய்ச்சொல்லை அவனிடமிருந்து பறித்துக்கொள்வதும் வாசிப்புதான்.

கையெழுத்தைச் சரிபார்ப்பது வங்கியில் என் பிழைப்பு. கையெழுத்திட்டவன் அந்தத் தொகைக்குப் பொறுப்பு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நம் விமர்சனத்தில் இல்லாதது இந்த அளவுதான். ஒரு படைப்பாளியை முழுசாக மகத்தானவன் என்கிறோம், அல்லது முழுசாகப் போலி என்கிறோம். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தத் தேதியில் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்த வரி, இது நான், இன்றைய தேதி என்று அந்த முப்பது சொச்சம் பேர் செய்ததுதான் விமர்சனத்தின் அடிப்படைக் காரியம்.

இதிலிருந்து, பஞ்சம்தான் வாசிப்பைக் கூர்மையாக்கும், ஒரே புத்தகம் இருந்தால் ஆழ்ந்து படிப்பான் என்று யாராவது முடிவுகட்டினால், அது வார்டரின் வேலையை நாம் எடுத்துச் செய்வதாகும். வெங்கடரத்தினமே அப்படி நினைக்கவில்லை. 1973-ல் அவரும் காதர் ஹாஸிமும் சிறை நிர்வாகத்தை எதிர்த்து கேப் மாகாண நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தீபாவளி அட்டை ஒட்டிய அதே கைதான் மனுவிலும் கையெழுத்திட்டது.

சிறைக்குப் புத்தகம் அனுப்பும் நல்லவர்கள் நம்மிடையே உண்டு. கைதி திருந்த வேண்டும் என்று நீதி நூல்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்புகிறார்கள். பொறுக்குவதில் அவர்கள் தணிக்கை அதிகாரியைவிடத் தேர்ந்தவர்கள், அவ்வளவே வித்தியாசம். உட்ஹவுஸ் எனக்கு உவப்பானவர் அல்ல. இரண்டு புத்தகத்துக்கு மேல் என்னால் போக முடிந்ததில்லை. ஆனால் அவர் தேவையில்லை என்று சொல்லும் உரிமை, அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி இருபது பக்கம் படித்துவிட்டு மூடிவைக்கும் கைதிக்குத்தான் உண்டு. அந்த உரிமைக்காகப் பேசும்போது என் ரசனையை நான் வாசலிலேயே விட்டுவிட வேண்டியிருக்கிறது. அது சுலபமாயில்லை.