இபன் பதூதாவின் மத்திய ஆசியப் பயணக் குறிப்புகள் – ஒரு மதிப்பீடு

மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் 1304-இல் பிறந்த இபன் பதூதாவைத் தமிழக மாணவர்கள் மதுரை சுல்தான்களைப் பற்றி எழுதிய பயணியாக அறிவர். மதுரைக்கு வருவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன், இந்தியாவை நோக்கி வரும் வழியில், அவர் குவாரிசம், புகாரா, சமர்கந்து ஆகிய நகரங்களைக் கண்டார். அவர் கண்ட குவாரிசம் நகரம் இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள பழைய ஊர்கஞ்ச். மற்ற இரண்டும் உஸ்பெகிஸ்தானில் உள்ளன. ‘ரிஹ்லா’ என்னும் அவருடைய பயண நூலில் இப்பகுதி சுவை மிகுந்தது. ஆயினும் அதில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவில் நம்ப இயலாது.

நூல் உருவான விதம்

இந்நூல் பயணத்தின்போது எழுதப்பட்டதன்று. தாயகம் திரும்பிய இபன் பதூதா, மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இபன் ஜுசய் என்ற அறிஞரிடம் தம் நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தார். நூல் 1355-இல் நிறைவுற்றது. அதாவது, மத்திய ஆசியாவைக் கண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அது ஏட்டில் ஏறியது.

புகாராவில் அறிஞர்களின் கல்லறைகளில் இருந்த வாசகங்களைப் படியெடுத்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளையர் தம்மைச் சூறையாடியபோது அவை பறிபோனதாகவும் அவரே கூறுகிறார். மதுரையை விட்டுச் சென்றபின், கொல்லத்தில் கப்பலேறி மேற்குக் கடற்கரையில் வடக்கு நோக்கிப் போகையில் அவர் கொள்ளையரிடம் சிக்கினார். கால்சட்டை தவிர அனைத்தையும் இழந்தார். குறிப்புகள் போனதும் இந்நிகழ்ச்சியில்தான் என்று கொள்ளலாம். எனவே நாம் படிப்பது பெரும்பாலும் நினைவிலிருந்து சொன்னதே.

உயிருள்ள பகுதிகள்

உடம்பால் உணர்ந்தவற்றைச் சொல்லும்போது அவர் நினைவு பிசகுவதில்லை. குவாரிசத்தின் கடைத்தெருவில் குதிரைமேல் சென்றவர், நெரிசலில் முன்னே போகவும் முடியாமல் பின்னே திரும்பவும் முடியாமல் திகைத்து நிற்கிறார். அவ்வூர் முலாம்பழத்தின் தோல் பச்சை, சதை சிவப்பு. அதைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் உலர்த்தி, கூடைகளில் அடுக்கி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினர். தில்லியில் இருந்த காலத்திலும் பயணிகள் வந்தால் ஆளனுப்பி அந்தக் கீற்றுகளை வாங்கச் செய்ததாக அவர் கூறுகிறார். ஒரு நாட்டின் விளைபொருளும் வணிக வழியும் ஒரு பழத்தின் மூலம் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

தர்மசீரின் என்ற மன்னர் பற்றிய நிகழ்ச்சியும் சிறந்தது. தாம் வரும்வரை தொழுகையை நிறுத்திவைக்க மன்னர் சொல்லியனுப்புகிறார். தொழுகை இறைவனுக்கா, மன்னருக்கா என்று கேட்டுவிட்டு இமாம் தொழுகையைத் தொடங்கிவிடுகிறார். தாமதமாக வந்த மன்னர் காலணி விடும் இடத்தருகே நின்று தொழுகிறார்.

ஐயத்திற்குரியவை

இமாம் புகாரியின் கல்லறையைப் புகாரா நகரில் கண்டதாக நூல் கூறுகிறது. அவர் அடக்கமானதோ சமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங் என்னும் சிற்றூரில். இப்பயணத்திற்குச் சற்று முன்னர் வோல்கா ஆற்றங்கரையின் பல்கார் நகருக்குச் சென்றுவந்ததாக அவர் சொல்வதையும், பயண நாட்களின் கணக்கு பொருந்தாததால், ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. ஊரும் நாளும் வரும் இடங்களில் வேறு சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அவருடைய அளவுகோல்

குவாரிசத்தில் தொழுகைக்கு வராதவரை இமாம் எல்லோர் முன்னிலையிலும் அடிப்பார். ஐந்து தினார் தண்டமும் உண்டு. இதனை இபன் பதூதா புகழ்கிறார். மதுரையிலோ சுல்தான் கியாசுதீன் தம்கானி, பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். இத்தனைக்கும் தம்கானி அவருக்கு உறவினர். இருவரும் உடன்பிறந்த சகோதரிகளை மணந்தவர்கள்.

இது முரண்போலத் தோன்றும். ஆனால் இபன் பதூதா காஜியாக, அதாவது சமய நீதிபதியாக, பணியாற்றியவர். சமயச் சட்டத்திற்கு உட்பட்டது அவருக்கு நன்று; மீறியது தீது. உறவினர் என்பதற்காக அந்த அளவுகோலை அவர் மாற்றவில்லை. இது அவருடைய நேர்மை.

அதே அளவுகோல் அவர் பார்வையைக் குறுக்கவும் செய்கிறது. 1220-இல் செங்கிஸ்கான் அழித்த புகாரா, நூறாண்டுகளுக்குப் பின்னும் இடிபாடாகக் கிடந்ததை அவர் சொல்கிறார்; அழிவின் வரலாற்றையும் விரிவாகத் தருகிறார். ஆனால் அங்கு சமயக் கல்வி கற்றவர் ஒருவரும் இல்லை என்று குறைகூறுகிறார். அவ்வூரார் பொய்யர் என்று மற்ற ஊரார் சொன்னதையும் அப்படியே எழுதுவிக்கிறார். பள்ளிகளும் நூல்களும் அழிந்த ஊரில் கற்றவர் எப்படி இருப்பர் என்று அவர் கேட்கவில்லை. அங்கு வாழ்ந்த எளிய மக்களின் குரலும் பதிவாகவில்லை.

முடிவுரை

தெஃப்ரெமெரி, சாங்கினெத்தி ஆகிய இருவரும் அரபு மூலத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1853 முதல் 1858 வரை பாரிசில் வெளியிட்டனர். பிரெஞ்சு அறிந்த புதுவை வாசகர்கள் அதில் நேரடியாகவே படிக்கலாம். மாணவர்கள் மதுரைப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் படிக்காமல், மத்திய ஆசியப் பகுதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நம் ஊரைப் பற்றி அவர் சொன்னதை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பது அப்போதுதான் தெளிவாகும்.