எல்லோரும் துபாஷிகள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நாம் பெரும்பாலும் ஒரு தகவல் கிடங்காகத்தான் வாசித்துவந்திருக்கிறோம். எந்தக் கப்பல் எப்போது வந்தது, துய்ப்ளெக்ஸ் யாரிடம் என்ன பேசினார், வேதபுரீஸ்வரர் கோயில் 1748-ல் எப்படி இடிக்கப்பட்டது என்று தேடுகிறவர்களுக்கு அது தீராத சுரங்கம். பிரபஞ்சன் அந்தக் காலத்தை வைத்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: பிள்ளை இதை யார் படிப்பதற்காக எழுதினார்?

1736-லிருந்து 1761-ல் சாகும்வரை, இடையிடையே விட்டுப்போனாலும், இருபத்தைந்து வருஷம் எழுதியிருக்கிறார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. 1846-ல்தான் புதுச்சேரியில் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் வெளியுலகின் கண்ணில் பட்டன. 1904-லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. அதன் தமிழ் மேடைத்தமிழ் அல்ல, பண்டிதத் தமிழும் அல்ல. புணர்ச்சி இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பேசுகிற மாதிரியே ஓடுகிறது. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருத்தர் பேசினால் மொழி இப்படித்தான் இருக்கும். அந்த நடைக்குக் காரணம் அந்தத் தனிமை என்பது என் வாசிப்பு.

இதில் ஒரு முரண் உண்டு. பிள்ளை அதிகாரத்துக்கு வெளியே நின்ற ஆள் இல்லை. அவர் தலைமைத் துபாஷி. நவாப்புகளின் தர்பாரில் நடப்பது, கடைத்தெருவில் பேசப்படுவது எல்லாவற்றையும் கேட்டு கவர்னரிடம் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி. அதாவது அவரே ஒரு கண்காணிப்பு இயந்திரத்தின் காது. பகலில் ஊரைக் கேட்டு கவர்னருக்குச் சொன்னவர், அந்த கவர்னரைப் பற்றியும் அவர் மனைவியைப் பற்றியும் தன் நோட்டில் எழுதிவைத்தார். மதாம் துய்ப்ளெக்ஸ் மீது அவருக்கு இருந்த கசப்பு பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த அம்மாளுக்கும் சொந்தமாகத் தகவல் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நோட்டு அவர்கள் கையில் சிக்கியிருந்தால் நமக்கு இன்று கிடைத்திருப்பது நாட்குறிப்பாக இருந்திருக்காது. ஒரு புகழ்மாலை கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

செஞ்சியில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. மொகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகையிட்டுத்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தது. அதையே 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் படை ஒரே ராத்திரியில் பிடித்தது. அதற்கப்புறம் 1761 வரை செஞ்சியும் புதுச்சேரியும் ஒரே கொடியின் கீழ். ராஜகிரி மேலே ஏறி நின்றால் தெரியும், இந்தக் கோட்டை எதைப் பார்க்கக் கட்டப்பட்டது என்று. அது வெளியே வருகிற படையைப் பார்க்கிறது. உள்ளேயும் ஒற்றர்கள் இருந்திருப்பார்கள்தான். ஆனால் வீட்டுக்கு ஒரு ஒற்றனை நிறுத்தி, அவனுக்குச் சோறு போட எந்த ராஜாவாலும் முடியாது. பழைய அரசுகள் கருணையால் நம்மை விட்டுவைக்கவில்லை. கட்டுப்படியாகாததால் விட்டுவைத்தன.

இப்போது கட்டுப்படியாகிறது. 2012 அக்டோபரில் பிள்ளையின் அதே புதுச்சேரியில் ஒருவர் அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனுடைய சொத்து பற்றி ட்விட்டரில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். திண்ணையில் உட்கார்ந்து பேசினால்கூட அதைவிட அதிகம் பேர் கேட்பார்கள். புகார் போனது, விடியற்காலையில் போலீஸ் வீட்டுக்கு வந்தது. அன்றே ஜாமீன் கிடைத்தது. ஆனால் ஒரு விடியற்காலைக் கதவுத்தட்டல் எத்தனை வீடுகளுக்குக் கேட்கும்?

அந்தக் கைதுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஒரு பிரதியாக வாசித்துப்பாருங்கள். எரிச்சல், அசௌகரியம், இதெல்லாம் அதில் குற்றத்தின் அடையாளங்கள். தண்டனை மூன்று வருஷம் வரை. எரிச்சலூட்டாத விமர்சனம் என்று ஒன்று உண்டா? சொல்லுக்கு எல்லையில்லாதபோது அதற்கு அர்த்தம் கொடுக்கிறவர் இன்ஸ்பெக்டர்தான். உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்தன. 2022-ல் நீதிமன்றம் மறுபடி தலையிட்டு நிறுத்தச் சொல்லவேண்டியிருந்தது. செத்த சட்டம் ஸ்டேஷனில் ஏழு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறது.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த வருஷம் டிசம்பரில் எந்தக் கணினியின் தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் தரும் உத்தரவு வந்தது. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளுக்கு விதிகள் வகுக்கிறது. அரசு தன் அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைச் சொல்லி விலக்கு அளித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது.

இதெல்லாம் டெல்லி சமாச்சாரம் மாதிரி தெரியலாம். இல்லை. எந்தச் சின்ன ஊரின் வாட்ஸ்அப் குரூப்பையும் பாருங்கள். திருவிழா நோட்டீஸ், காலை வணக்கம், ரத்தம் தேவை. ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி யாராவது ஒரு வரி போட்டால் உடனே “அண்ணா, இங்க அரசியல் வேணாம், அட்மினுக்குத்தான் பிரச்சனை” என்று பதில் வரும். பத்து நிமிஷத்தில் அந்த வரி அழிக்கப்பட்டிருக்கும். அதே ஆள் தனி மெசேஜில் எல்லாவற்றையும் கொட்டுவார். பொதுவில் ஒரு மொழி, தனியில் ஒரு மொழி. துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். இன்று நாம் எல்லோரும் துபாஷிகள்.

ஒரு எதிர்வாதம் நியாயமானது. அந்தரங்கம் என்பது மாளிகை வைத்திருந்த பிள்ளை போன்றவர்களின் சொகுசுதானே? அந்த நோட்டிலேயே கசையடி வாங்குகிற திருடனும் தெருவில் இழிவுபடுகிற ஏழையும் ஒளிய இடமில்லாமல் நிற்கிறார்கள். எழுதியவருக்கு மட்டும் கதவு இருந்தது. நாட்குறிப்பின் மீது எனக்குள்ள பெரிய விமர்சனமும் இதுதான்: தன் மீது விழாத பார்வையை அவர் மற்றவர்கள் மீது தயங்காமல் வீசினார். ஆனால் அதற்கான பதில், அவர் கதவையும் பிடுங்கிவிடுவது இல்லை. எல்லோருக்கும் கதவு வேண்டும் என்பதுதான். திருடன் தன் பக்கத்துக் கதையைத் தன் கையால் எழுதி ஒளித்துவைத்திருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு நமக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் அந்தக் கதவில்தான் கைவைக்கின்றன. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், சில குற்றங்களில் உத்தரவு வந்தால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டியாக வேண்டும். குற்றவாளியைப் பிடிக்கத்தானே என்று கேட்கலாம். ஆனால் யார் முதலில் சொன்னார் என்று பின்னால் கண்டுபிடிக்கவேண்டுமானால், எல்லோர் சொல்லிலும் முன்கூட்டியே அடையாளம் பதித்தாக வேண்டும். இதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கம்பெனி நம்மைக் காப்பாற்ற வந்த சாமி இல்லை. நம் தரவில் வாழ்கிற வியாபாரி. இருந்தாலும் அந்த வழக்கில் இருக்கும் கேள்வி நம்முடையது. எழுதுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாகவே நம்முடையது. பொதுவில் துணிந்து சொல்லப்படும் எதுவும் முதலில் யாரும் பார்க்காத ஒரு இடத்தில் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்க்கப்பட்டதுதான். அந்த இடம் போய்விட்டால் மிஞ்சுவது காலை வணக்கம் மட்டும்.