முகமூடியைத் திருப்பிப் பாருங்கள்

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கூட்டமெல்லாம் பூக்குழிக்கும் கழுமரத்துக்கும்தான். திருவிழாக் கடையில் தொங்கும் முகமூடிகளைப் பிள்ளைகளைத் தவிர யார் நின்று பார்க்கிறார்கள்? அவற்றில் பெரும்பாலானவை மெல்லிய பிளாஸ்டிக். அதில் ரசிக்க அதிகமில்லை. கையால் செய்த ரப்பர் முகமூடி கிடைத்தால் விடாதீர்கள். பல்லையும் கொம்பையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் அதைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள்.

பிளாஸ்டர் அச்சில் ரப்பர் பாலை ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அச்சின் சுவரோரம் ரப்பர் தோலாகப் படியும். எவ்வளவு நேரம் விடுகிறார்களோ அவ்வளவு தடிப்பு. மிச்சப் பாலைக் கவிழ்த்து எடுத்துவிடுவார்கள். மெல்லிசாக நின்றுவிட்டால் நெற்றி தொய்ந்து கன்னம் குழியும். அதற்குப் பயந்து முழுக்கத் தடிமனாக்கினால் கனக்கும், வியர்த்துக் கொட்டும், வாயும் அசையாது. கைத்திறன் தெரிவது இந்த இடத்தில்தான்: எதை விறைப்பாக்குவது, எதைத் தொடாமல் விடுவது?

நல்ல கைவேலையில் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகிய இடங்களுக்குப் பின்னால் மட்டும் கட்டுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ரப்பர் பாலில் நனைத்து ஒட்டியிருப்பார்கள். கூரைக்கு ஓலை வேய்ந்தாற்போல ஒன்றின் விளிம்பை மற்றது கவ்வியிருக்கும். ஓரங்கள் கத்தரித்த நேர்கோடாக இல்லாமல் பிசிறாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். நேரான ஓரம் வெளியே மடிப்பாகத் தெரியும். கொம்புக்குள் நுரை அடைத்திருப்பதுண்டு. உதட்டோரத்திலும் கழுத்திலும் துணி இருக்கவே கூடாது. கழுத்து விரியாவிட்டால் தலை எப்படி நுழையும்?

விரலால் நெற்றியை அமுக்கி விடுங்கள். உள்வாங்கி, தானே நிமிர வேண்டும். தட்டினால் டக்கென்று ஓடு மாதிரிக் கேட்டால், பின்னால் பிளாஸ்டரைப் பூசி ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வளையும்போது அது விண்டு பெயரும். காகிதக் கூழ் முகமூடிக்குப் புளியங்கொட்டைப் பசை அருமையான சரக்கு, நத்தத்தில் புளிக்கும் பஞ்சமில்லை. ஆனால் ரப்பருக்குள் பூசினால் அதுவும் நொறுங்கி உதிரும்.

அப்புறம் மாட்டியவரைப் பாருங்கள். 1996-இல் வந்த ‘அவ்வை சண்முகி’ படத்தில் மைக்கேல் வெஸ்ட்மோரின் ஒப்பனை கமல்ஹாசனின் முகத்தோடு ஒட்டிக்கொண்டது, அவர் சிரித்தால் அவர் வேடமிட்ட மாமியும் சிரித்தாள். விறைப்பான முகமூடிக்கு அந்தச் சலுகை கிடையாது. மெலட்டூர் பாகவத மேளாவின் பிரகலாத சரித்திர நாடகத்தில் நரசிம்மரின் முகம் அசையாது; கோபத்தையெல்லாம் ஆடுகிறவரின் உடம்புதான் காட்டியாக வேண்டும். ரப்பர் முகமூடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நெற்றி நிலையாக நிற்க, தாடை மட்டும் பேச்சோடு லேசாக அசைந்தால் செய்தவரைத் தேடிப் போய்ப் பாராட்டலாம்.

வாங்கினால் வெயிலில் போடாதீர்கள், உள்ளே பவுடர் தூவி வையுங்கள். தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு மட்டும் மாட்ட வேண்டாம். எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பிவிடும், பிறகு எத்தனை துணி வைத்து ஒட்டியிருந்தாலும் நெற்றி நிற்காது.