அதியமான் ஊரில் ஒரு உருண்டை களி

ஸ்பெயினில் வால்ஸ் என்று ஒரு சின்ன ஊர். விவசாய ஊர்தான். அங்கே விளையும் ஒரு வகை நீள வெங்காயத்தைத் தீயில் கருக்கி, மேல்தோலை உருவிவிட்டு, சட்னி மாதிரி ஒன்றில் தோய்த்து, அண்ணாந்து வாய்க்குள் இறக்குகிறார்கள். கையெல்லாம் கரி. ஜனவரி கடைசி ஞாயிறு இதற்கென்றே திருவிழா. பார்சிலோனாவிலிருந்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். வெறும் வெங்காயத்துக்கு சார்!

இப்போது தருமபுரிக்கு வாருங்கள். பழைய தகடூர். அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அவன் முன்னோர்தான் இந்த மண்ணுக்குக் கரும்பு கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஒளவை சொல்வது தெரியுமா? இன்றைக்கும் பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆசாமி கட்டுக்கதையும் அல்ல. 1981-ல் ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியை 'சதியபுதோ' என்கிறது. அசோகர் கல்வெட்டில் வரும் அதே சதியபுத்திரர்!

இத்தனை இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? பஸ் பிடித்து நேரே ஒகேனக்கல். எண்ணெய்க் குளியல், பரிசல், மீன் வறுவல், திரும்பிவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் வழியில் கோட்டைக் கோயிலுக்குள் நுழைகிறவர்கள்கூட தொங்கும் தூணுக்கு அடியில் பேப்பர் விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்க்க எத்தனை பேருக்குப் பொறுமை?

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். இது கேழ்வரகு பூமி. களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம், அவரைக்கொட்டைக் குழம்பு என்று வீட்டில் பிரமாதமாகச் சாப்பிடுகிற ஊரில், ஹோட்டலில் உட்கார்ந்தால் பரோட்டா, ஃபிரைடு ரைஸ். களி கிடைக்கும், தேட வேண்டும்.

ஹோட்டல்காரரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. களி ஏழைச் சாப்பாடாக இருந்தது. நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். அந்தக் கூச்சம் லேசில் போகாது. விருந்தாளிக்குக் களி போட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற அம்மாக்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அதே கேழ்வரகுக்கு 'மில்லட்' என்று பெயர் வைத்து, சென்னையில் பீங்கான் தட்டில் கொடுத்தால் மூன்று மடங்கு விலை தருகிறவர்கள் நாம்தானே!

2023-ல் ஐ.நா. சிறுதானிய ஆண்டு கொண்டாடியது. அதே வருஷம் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ரேஷனில் போட்டால் மட்டும் ஒரு பண்டத்துக்கு மரியாதை வந்துவிடாது. வெளியூர்க்காரன் தேடி வந்து, காசு கொடுத்துக் கேட்க வேண்டும். வால்ஸில் நடந்தது அதுதான். கேட்க ஆளில்லை என்றால் மானாவாரிக் காட்டில் கேழ்வரகு போடுகிறவர் எத்தனை நாள் போடுவார்?

அதற்காக கட்-அவுட் வைத்துக் 'களித் திருவிழா' வேண்டாம். கோட்டைக் கோயில் பக்கத்தில் மத்தியானம் சுடச்சுடக் களி போடும் ஒரு மெஸ் போதும்.

அதியமான் இறந்தபின், அவன் நடுகல்லுக்குச் சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்களே, நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஒளவை கலங்குகிறாள். கல்லும் சாப்பாடும் இந்த ஊரில் அன்றைக்கே ஒன்றுதான்.

அடுத்த முறை ஒகேனக்கல் போகும்போது அரை நாள் முன்னாடி கிளம்புங்கள். எங்கே உட்கார்ந்தாலும் "களி இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை, திரும்பும்போதும் கேளுங்கள்.

கிடைத்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். கடிக்கக் கூடாது. குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்.